மொரீஷியஸ் கேட்டமரான் ட்ரிப்: கட்டும் இல்ல, மரமும் இல்ல

மொரீஷியஸ் போனப்ப கிழக்குக் கரையில ட்ரூ தோ தூஸ்ல இருந்து இல் ஓ செர்ஃப் தீவுக்கு ஒருநாள் கேட்டமரான் ட்ரிப் போனோம். கொஞ்சம் திட்டவும் போறேன், அதனால கம்பெனி பேர் வேணாம்.

போட் சூப்பர். ரெண்டு நீள ஃபைபர் உடம்பு, மேல டெக், முன்னாடி ரெண்டு மூக்குக்கும் நடுவுல இழுத்துக் கட்டின வலை, அதுல படுத்துட்டா கீழ தண்ணி ஓடுறது தெரியும். ஆட்டமே இல்ல, எங்க வீட்டுக்காரருக்கு பஸ்லயே வாந்தி வரும், அவரே ஜாலியா இருந்தார்.

ஆனா பாய்மர ட்ரிப்னு காசு வாங்கிட்டு போறப்ப முழுக்க இஞ்சின்தான், திரும்பி வர்றப்ப கடைசி அரை மணி நேரம் மட்டும் பாய் விரிச்சாங்க. சாப்பாடும் ரெண்டு மணிக்கு மேல. கிரில் பண்ண மீன் நல்லா இருந்ததால சும்மா விட்டேன்.

விடாதது வேற ஒண்ணு. க்ரூல ஒரு பையன் கேட்டமரான் ஃப்ரெஞ்ச் வார்த்தைன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருந்தான். எனக்குப் பொறுக்கல. பர்ஸ்ல இருந்து அவங்க ஊர் நோட்டையே எடுத்து, அதுல தமிழ் எழுத்து இருக்கு பாருங்க, அதக் காட்டி இந்த பாஷை வார்த்தைதான்டா தம்பின்னேன். கையில கெடச்ச கயித்த எடுத்து ரெண்டு தண்ணி பாட்டில சேத்துக் கட்டி, இது கட்டு, இது மரம்னு காட்டுனேன். சிரிச்சுட்டே ரெண்டு தடவ "கட்டு மரம்"னு சொல்லிப் பாத்தான்.

உண்மையில நம்ம கட்டுமரத்துக்கும் இந்த போட்டுக்கும் சம்பந்தமே கெடையாது. நம்மது மரத்த கயித்தால வரிஞ்சு கட்டுனது, ஆணி கெடையாது, உள்ள ஏறுன தண்ணி இடுக்கு வழியா தானா வடிஞ்சிடும், கரைக்கு வந்ததும் அவுத்து காயப் போட்டுருவாங்க. ரெண்டு உடம்பு போட் பாலினேசியாக்காரங்க வித்தை. சோழமண்டலக் கரையில பாத்தத டாம்பியர்ங்கிற இங்கிலீஷ் மாலுமி 1697ல புஸ்தகத்துல எழுதியிருக்கார். இங்கிலீஷுக்குப் போன வார்த்தை அங்க என்னென்னவோ ஆச்சு. 1804ல நெப்போலியனோட கப்பல்கள வெடிக்க பூலோன் துறைமுகத்துக்கு இங்கிலீஷ்காரன் அனுப்பின மிதக்குற வெடிப்பெட்டிக்கும் இதே பேர். அப்புறம் சண்டைக்காரப் பொம்பளைன்னு ஒரு அர்த்தம் வேற (எங்க வீட்டுக்காரர் இத மட்டும் நல்லா ஞாபகம் வெச்சிருக்கார்). 1876ல ஹெரஷாஃப்னு ஒரு அமெரிக்கர் ரெண்டு உடம்பு வெச்சு அமரிலிஸ்னு ஒண்ணு செஞ்சு நியூயார்க் ரேஸ்ல மத்த போட்ட எல்லாம் ஓட விட, இதெல்லாம் செல்லாதுன்னு சொல்லிட்டாங்க. இப்ப கேட்டமரான்னா அந்த மாதிரி போட்தான்.

போறவங்க ஏறுன உடனே வலையில எடம் புடிங்க, பத்து நிமிஷத்துல நெறஞ்சிடும். பாய் விரிச்சதும் அலை கீழ இருந்து அடிச்சு இடுப்பு வரைக்கும் நனைச்சிடும், மாத்து டிரஸ் எடுத்துட்டுப் போங்க. அந்த போட்லயே கட்டுமரம் மாதிரி இருக்கறது அந்த ஒரு எடம்தான். அஞ்சுக்கு மூணரை.