சிஎன்ஜி லாரிக்கு எஸ்எஸ் சைலன்சர்: அம்பத்தூர் எஸ்டேட் ஒர்க் ஷாப் எப்படி?

நம்ம 14 அடி சிஎன்ஜி வண்டி மாதவரம், மணலி, எண்ணூர்னு சின்ன சின்ன ட்ரிப்பாவே ஓடுது, சைலன்சர் அடிப்பக்கம் துருப்பிடிச்சு ஓட்டையாயிடுச்சு. புதுப்பேட்டைல இரும்புல ஒண்ணு வாங்கி மாட்டிடலாம்னு டிரைவர் சொன்னாரு, ஆனா அதுவும் அழுகத்தான் போகுது, ஏன்னா ஒரு கிலோ மீத்தேன் (சிஎன்ஜில பெரும்பாலும் அதான்) எரிஞ்சா ரெண்டேகால் கிலோ தண்ணி ஆவியா வெளிய வரும், டீசல்ல ஏறக்குறைய அதுல பாதிதான், கிட்ட கிட்ட ஓட்டத்துல சைலன்சர் முழுசா சூடாகாம அந்த ஆவி உள்ளயே தண்ணியா நின்னுடுது. வெளிய எண்ணூர் உப்புக்காத்து வேற, அதான் லேசுல துருப்பிடிக்காத எஸ்எஸ்-ல (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) செய்யலாம்னு தேடினேன்.

முதல்ல விசாரிச்ச இடத்துல, புகைய சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டர அறுத்துட்டு நேர் பைப் விட்டா பிக்கப் அள்ளும்னாங்க, எனக்கு கோவமே வந்துடுச்சு. எரியாத மீத்தேன் அப்படியே வெளிய போனா 20 வருஷக் கணக்குல கார்பன் டை ஆக்சைட விட 80 மடங்கு பூமிய சூடேத்தும், சுத்தமாகாத புகை வர்ற தெருவுல நம்ம புள்ளைங்கதான நடக்குது. செக் என்ஜின் லைட் எரியறது, எஃப்சி (வண்டி தகுதிச் சான்று) தலைவலி எல்லாம் அப்புறம்.

அம்பத்தூர் எஸ்டேட் கடைல மாஸ்டர் எடுத்த எடுப்புலயே "கன்வெர்ட்டர்ல கை வைக்க மாட்டேன் தம்பி, அதுக்குப் பின்னாடி இருக்குற பைப்பும் சைலன்சரும்தான் செய்வேன்"னாரு. அங்கேயே முடிவு பண்ணிட்டேன்.

எஸ்எஸ்-லயும் ஏமாத்து இருக்கு பாருங்க, காந்தம் ஒட்டலன்னா 304-னு (நல்ல ரகம்) சொல்லுவாங்க, மட்ட ரகமான 202-லயும் ஒட்டாது. இவரு ரெண்டு துண்டு எடுத்து வச்சு ஒரு கெமிக்கல சொட்டு விட்டு காட்டினாரு, 202 துண்டுல சிவப்பா மாறுச்சு, நமக்கு போடுற பைப்ல மாறவே இல்ல.

வேலை சுத்தம். சிலிண்டர் வால்வ மூடி, லைன்ல மிச்சம் இருக்குற கேஸ் தீந்து என்ஜின் தானா நிக்கற வரைக்கும் ஓட விட்டு, பேட்டரி டெர்மினல கழட்டிட்டுதான் பைப்ப இறக்கினாங்க, வெல்டிங் எல்லாம் வண்டிய விட்டு தள்ளி டேபிள்ல. டிக் வெல்டிங் அடிக்கும்போது பைப் உள்ளயும் ஆர்கான் கேஸ் விட்டாங்க, இல்லன்னா உள்பக்கம் கருகி அங்கேயே துரு ஆரம்பிக்குமாம். சைலன்சர் அடில தண்ணி வடிய சின்னதா ஒரு ஓட்டையும் போட்டாங்க, இப்ப காலைல ஸ்டார்ட் பண்ணா அந்த வழியா சொட்டுது, மனசுக்கு நிம்மதியா இருக்கு.

குறையும் இருக்கு. சாயந்திரம்னு சொல்லி மறுநாள்தான் குடுத்தாங்க, ஜிஎஸ்டி பில் கேட்டாதான் போடுறாங்க. ஒயரிங் பக்கம் இருந்த ஹீட் ஷீல்ட மாட்டாமலே வண்டிய இறக்கிட்டாங்க, நான் குனிஞ்சு பாத்து சொன்னப்புறம்தான் போட்டாங்க, டீசல விட சிஎன்ஜில புகை சூடு அதிகம், அத மட்டும் விட்றாதீங்க. ரேட்டு இரும்பு சைலன்சர விட ரெண்டு மடங்குக்கு மேல. மைலேஜ், பிக்கப்ல ஒரு மாத்தமும் இல்ல, சத்தமும் கம்பெனி சத்தம் மாதிரியேதான், அதுக்காக போறவங்க போக வேணாம்.

வண்டிய காலைல கடை திறக்கறப்பவே விடுங்க, ஓட்டிட்டு மத்தியானம் போனா பைப் ஆறற வரைக்கும் யாரும் தொட மாட்டாங்க.