2011 முதல் வேர்ட்பிரஸ்: தீம், பிளகின், நடுவில் தமிழ்

2011-ல் ஒரு சிற்றிதழுக்குத் தளம் செய்து கொடுக்கப் போய்த்தான், இணையத்தளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளைத் தொட்டேன். அதற்கப்புறம் கடை, பள்ளி, இதழ் என்று நிறையத் தளங்கள் செய்தாகிவிட்டது. வேறு சிலவற்றையும் முயன்று பார்த்தேன். திரும்பத் திரும்ப இங்கேயே வந்து நிற்பதற்குக் காரணம் ஹூக்.

ஒரு பக்கத்தைத் தயாரிக்கும்போது வேர்ட்பிரஸ் வழிநெடுக நின்று, “இந்த இடத்தில் யாருக்காவது வேலை இருக்கிறதா?” என்று கேட்டுக்கொண்டே போகும். அப்படிக் கேட்கும் இடம்தான் ஹூக். அங்கே நம் ஃபங்ஷனை, அதாவது ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டை, மாட்டிவிட்டால் போதும், மூலக் கோப்பில் கைவைக்கவே வேண்டாம். அந்த நேரத்தில் ஒரு வேலையைச் செய்தால் அது ஆக்‌ஷன். வருவதை வாங்கி மாற்றித் திருப்பிக் கொடுத்தால் ஃபில்டர். கட்டுரையின் அடியில் ஆசிரியர் குறிப்பைச் சேர்க்க 2012-ல் நாற்பது வரியில் ஒரு பிளகின், அதாவது தளத்தில் தனியாகச் சேர்க்கும் நிரல், எழுதினேன். வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட மொழியான பிஎச்பியின் 5-ம் பதிப்புக் காலத்தில் எழுதியது, இன்று பிஎச்பி 8-லும் ஒரு வரி மாறாமல் ஓடுகிறது. பழையதை உடைக்கக் கூடாது என்று வேர்ட்பிரஸ்காரர்கள் காட்டும் பிடிவாதத்தை நான் மனதார மதிக்கிறேன்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு முதலில் இடறுவது பதிவின் முகவரி. “மதுரைக்கு அருகே சமணர் மலை” என்று தலைப்பு வைத்தேன். முகவரியின் கடைசியில் வந்து விழுந்தது “சமணர்-மல”. காரணம் இதுதான்: முகவரிக்கு வேர்ட்பிரஸ் ஒதுக்கியிருப்பது 200 இடம். தமிழின் ஒவ்வொரு குறியும் யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டையும் சதவீதக் குறியோடு மூன்று இடத்தில் எழுதினால் ஒன்பது இடம். ‘லை’ நமக்கு ஓர் எழுத்து, கணினிக்கு இரண்டு குறி. ஆக 22 குறிக்குள் கதை முடிந்துவிடும். என் தலைப்புக்கு 201 இடம் வேண்டியிருந்தது, கடைசி ‘ஐ’ குறி போய்விட்டது.

சரி, தமிழை ஆங்கில எழுத்தாக்கிவிடலாம் என்று தலைப்பைச் சுத்தம் செய்யும் ஃபில்டரில் ஒரு ஃபங்ஷனை மாட்டினேன். வழக்கமான முன்னுரிமை 10, சிறிய எண் முதலில் ஓடும் என்பதால் அதற்கு முன்னால் ஓட வேண்டும் என்று 9 கொடுத்தேன். புதிய பதிவுகள் அழகாக வந்தன. மறுநாள் காலையில் பார்த்தால் பழைய தமிழ் முகவரிகள் எல்லாம் 404, அதாவது ‘பக்கம் இல்லை’. பதிவைச் சேமிக்கும்போது ஓடும் அதே ஃபில்டர், பதிவைத் தேடும்போதும் ஓடுகிறது. தேடுவதையும் ஆங்கிலமாக்கினால் டேட்டாபேஸில் தமிழாக இருப்பது எப்படிக் கிடைக்கும்? அந்த ஃபில்டர் மூன்றாவதாக அனுப்பும் மதிப்பில், இது சேமிப்பா தேடலா என்ற விவரம் இருக்கிறது. சேமிப்பு என்றால் மட்டும் மாற்று என்று ஒரு ‘இஃப்’ போட்டதும் எல்லாம் திரும்பி வந்தன. ஒரு ஃபில்டரில் கை வைப்பதற்கு முன் அது எங்கெங்கே அழைக்கப்படுகிறது என்று மூல நிரலில் தேடிப் பார்க்கும் பழக்கம் அன்றைக்கு வந்தது.

வாங்கிய தீமுக்குள்ளேயே (தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் கோப்புகள்) திருத்தி, அடுத்த அப்டேட்டில் எல்லாம் அழிந்துபோன அனுபவம் எனக்கும் உண்டு. திருத்தங்களைத் தனியே வைத்துக்கொள்ளும் சைல்டு தீம் போடுங்கள், அவ்வளவுதான். அதைவிடப் பெரிய தவறு, நூல் விமர்சனத்துக்கான கஸ்டம் போஸ்ட் டைப்பை (தனி வகைப் பதிவு) தீமின் ஃபங்ஷன்ஸ் கோப்பில் எழுதியது. தீமை மாற்றியதும் நிர்வாகப் பக்கத்திலிருந்து அந்த மெனுவே காணாமல் போனது. இதழாசிரியர் அம்மா, “தம்பி, விமர்சனம் எல்லாம் அழிஞ்சிடுச்சா?” என்று பதறிப்போய்க் கேட்டார். டேட்டாபேஸில் பத்திரமாகத்தான் இருந்தன. அவற்றை அடையாளம் காட்டும் நிரல்தான் தீமோடு போயிருந்தது. அப்போதிலிருந்து உள்ளடக்கம் சார்ந்தது பிளகினில், தோற்றம் சார்ந்தது தீமில் என்று பிரித்தே எழுதுகிறேன்.

அடுத்தவர் எழுதிய பிளகின்களில் எச்சரிக்கை வேண்டும். தலைப்பைச் சுருக்கிக் காட்டிய ஒரு பிளகின் பைட் கணக்கில் வெட்டியது, தமிழில் கடைசி எழுத்து கேள்விக்குறியாக வந்தது. கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்று பார்க்காமல் எதையும் நிறுவுவதில்லை.

2018 டிசம்பரில் வேர்ட்பிரஸ் 5.0 வந்து, பத்தி, படம் எல்லாவற்றையும் தனித்தனிக் கட்டமாக வைக்கும் குட்டன்பெர்க் எடிட்டர் நுழைந்தபோது எனக்குப் பிடிக்கவே இல்லை. பிஎச்பி மட்டும் தெரிந்தவன் ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தைப் படிக்க வேண்டியிருந்தது. பழைய எடிட்டரையே திருப்பித் தரும் கிளாசிக் எடிட்டர் பிளகினைப் போட்டுக்கொண்டு மூன்று ஆண்டு ஓட்டினேன். என்னை மாற்றியது 2021-ல் 5.8-ஓடு வந்த தீம்.ஜேசான் கோப்பு, தீமின் தோற்ற அமைப்புகளை ஒரே இடத்தில் வைப்பது. ஆங்கிலத்தை மனதில் வைத்துச் செய்த தீம்களில் வரி இடைவெளி தமிழுக்குப் போதாது, மேல்வரியின் ‘கூ’வும் கீழ்வரியின் ‘கீ’யும் முட்டிக்கொள்ளும். முன்பு பத்து இடத்தில் தேடித் திருத்துவேன். இப்போது அந்தக் கோப்பில் வரி உயரம் 1.8 என்று ஒரே இடத்தில் எழுதுகிறேன், எடிட்டரிலும் தளத்திலும் ஒன்றுபோலத் தெரிகிறது. அந்த அம்மா இப்போது முகப்பு அட்டைப் படத்தை என்னைக் கேட்காமல் தானே மாற்றிக்கொள்கிறார்.