இருங்காட்டுக்கோட்டைக்கு எந்த ரெப்ளிகா? ஜிடி40, 917, லோட்டஸ் 23

மூன்று ரெப்ளிகாக்களின், அதாவது 1960-களின் பந்தயக் கார்களைப் பார்த்துக் கட்டிய நகல்களின், படங்களை ஒரே மூச்சில் அனுப்பிவிட்டு, "அண்ணே, மூணுமே விலைக்கு வந்திருக்கு. எதை எடுக்கலாம்னு பார்த்துச் சொல்லுங்க" என்றார் நண்பர். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே ஒரு லேத்தோடு பட்டறை ஆரம்பித்து, இன்று முப்பது பேருக்குச் சம்பளம் கொடுப்பவர். நாங்கள் இருவருமே சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் பார்த்து வளர்ந்தவர்கள். ஓடுதளத்தின் ஓரத்தில் வெயிலில் நின்று, கண் முன்னால் சீறிக்கொண்டு போன கார்களைப் பார்த்த அந்த வயதில் பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை.

அவருக்கு வேண்டியது வரவேற்பறையில் நிறுத்திவைக்கும் அலங்காரம் இல்லை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது இருங்காட்டுக்கோட்டைக்குக் கொண்டுபோய், கிளப்பில் அனுமதி வாங்கி, அங்கே இருக்கும் 3.7 கிலோமீட்டர் பந்தய ட்ராக்கில் பத்துப் பதினைந்து சுற்று ஓட்ட வேண்டும். அதை மனதில் வைத்துக்கொண்டுதான் இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

முதலாவது, ஃபோர்டு ஜிடி40 ரெப்ளிகா. தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது, 2012-ல் கட்டியது. இரண்டாவது, போர்ஷே 917 ரெப்ளிகா. இங்கிலாந்தில் ஒருவரிடம் இருக்கிறது, போர்ஷேயின் சாலைக் காரான 911-ன் ஆறு சிலிண்டர் எஞ்சினோடு. மூன்றாவது லோட்டஸ் 23 ரெப்ளிகா. கோவையில் ஒருவர் தன் கொட்டகையில் பொறுமையாகக் கட்டி, கைமாறி, இப்போது சென்னையில் பாடி என்ற ஊரில் ஒரு ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் நிற்கிறது. மாருதி எஸ்டீமின் 1300 சிசி எஞ்சின். கேட்கும் விலை 12 லட்சம்.

அசலை நம்மால் தொட முடியாது என்பது தெரிந்த விஷயம்தான். 917-ஐ 1969-ல் பந்தய விதிக்காக போர்ஷே 25 எண்ணிக்கை கட்டி வரிசையாக நிறுத்திக் காட்டியது. அதில் ஒன்று 2017-ல் ஏலத்துக்கு வந்தபோது ஒரு கோடியே நாற்பது லட்சம் டாலருக்குப் போனது. கல்ஃப் எண்ணெய்க் கம்பெனியின் வெளிர்நீல, ஆரஞ்சு நிறத்தில் இருந்த ஒரு ஜிடி40, 2012-லேயே ஒரு கோடியே பத்து லட்சம் டாலர். அப்படிப்பட்ட காரை யாரும் மனம் துணிந்து திருப்பத்தில் அழுத்தி ஓட்ட மாட்டார்கள். ரெப்ளிகா என்ற ஒன்று இருப்பதே அழுத்தி ஓட்டத்தான்.

உண்மைக்கு எது நெருக்கம் என்று முதலில் பார்க்கலாம். இதில் ஜிடி40 தான் முன்னால் நிற்கிறது. நல்ல தயாரிப்பாளர்கள் அசலைப் போலவே எஃகுத் தகட்டால் மோனோகாக், அதாவது உடம்பே சட்டமாகும் கூடு, கட்டுகிறார்கள். உள்ளே போகும் ஃபோர்டின் எட்டு சிலிண்டர் வி8 எஞ்சினுக்கு இன்றைக்கும் புது பிளாக்கிலிருந்து கேஸ்கெட் வரை கிடைக்கிறது. அசலில் ஓடியதும் அதே குடும்பத்து எஞ்சின்தான். 1968, 1969 இரண்டு ஆண்டும் பிரான்சின் 24 மணி நேரப் பந்தயமான லெ மான்ஸை ஜெயித்தது 1075 என்ற எண் கொண்ட ஒரே ஜிடி40. இரண்டாவது தடவை அதன் ஓட்டுநர் ஜாக்கி இக்ஸ் 24 மணி நேரம் ஓடிய பிறகு நூறு மீட்டர் சொச்சத்தில் போர்ஷேயை முந்தி முடித்தார். அந்தக் காரின் எஞ்சின் சத்தத்தை ரெப்ளிகாவில் ஏறக்குறைய அப்படியே கேட்க முடிகிறது என்பது சாதாரண விஷயம் இல்லை.

917-ல் இதுதான் நடக்காது. அந்தக் காரின் உயிரே காற்றால் குளிரும் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின். மேலே படுக்கையாக ஒரு பெரிய விசிறி சுழலும். அந்த எஞ்சினைத் தனியாக வாங்க வழியில்லை என்பதால் ரெப்ளிகாக்காரர்கள் 911-ன் ஆறு சிலிண்டரைப் போடுகிறார்கள். ஒரு காலத்தில் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் சேஸிஸ் மேல் 917 உடம்பை மாட்டி விற்றவர்களும் உண்டு. உருவம் அசத்தலாக இருக்கும், மறுக்கவில்லை. இந்த உருவத்துக்குப் பின்னால் ஒரு கதையும் இருக்கிறது. ஆரம்பத்தில் 917 வேகம் கூடினால் நேராகவே போகாது, ஓட்டுநர்கள் ஏறவே பயந்தார்கள். 1969 அக்டோபரில் ஆஸ்திரியாவில் சோதித்தபோது, காரின் முன்பக்கமெல்லாம் பூச்சிகள் அடிபட்டு ஒட்டியிருக்க, வால் பக்கம் மட்டும் சுத்தமாக இருப்பதை ஜான் வையரின் பந்தய அணியினர் கவனித்தார்கள். காற்று வாலைத் தொடவே இல்லை என்று புரிந்தது. அங்கேயே தகடு வெட்டி வாலைக் குட்டையாக்கி மேலே தூக்கினார்கள். கார் அடங்கியது. 1970-ல் லெ மான்ஸை ஜெயித்ததும் இந்தக் குட்டை வால் உருவம்தான்.

லோட்டஸ் 23 வேறு வழி. 1962-ல் வந்த மெல்லிய குழாய்ச் சட்டம், மேலே ஃபைபர் உடம்பு, கூரை கிடையாது, எடை சுமார் 400 கிலோ. நம் மாருதி 800-ஐவிட இருநூறு கிலோவுக்கு மேல் குறைவு. அது முதலில் திட்டமிடப்பட்டதே 1300 சிசி வரையிலான சின்ன எஞ்சின்களுக்கு. அதனால் எஸ்டீம் எஞ்சின் போட்டதை நான் குறையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. 917-ல் ஆறு சிலிண்டர் போடுவது பாதி காரை எடுத்துவிடுவது மாதிரி. லோட்டஸ் 23-ல் 1300 போடுவது அந்தக் கார் பிறந்த வகுப்பிலேயே அதை ஓட்டுவது. அந்த வருடம் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில், சுமார் நூறு குதிரைத்திறன் கொண்ட 1.5 லிட்டர் எஞ்சினோடு லோட்டஸ் ஓட்டுநர் ஜிம் கிளார்க் ஈரமான தடத்தில் முதல் சுற்றிலேயே பெரிய ஃபெராரிகளையும் போர்ஷேகளையும் 27 வினாடி பின்னால் விட்டுவிட்டு வந்தார். புகைக்குழாய் பழுதாகி, புகை உள்ளே ஏறி அவர் வெளியேறும் வரை அவர்தான் முதலிடம்.

இனி நம் ஊருக்கு வருவோம். இங்கே எல்லாவற்றையும் தீர்மானிப்பது வெயில்.

சில வருடங்களுக்கு முன் மகளைப் பார்க்க இங்கிலாந்து போயிருந்தபோது ஒரு ஜிடி40 ரெப்ளிகாவில் உட்கார்ந்து பார்க்கக் கொடுத்துவைத்தது. தரையிலிருந்து கூரை வரை நாற்பது அங்குலம், பெயரிலேயே அதுதான் இருக்கிறது. கதவோடு பாதிக் கூரையும் சேர்ந்து திறக்கும். அகலமான பக்கச் சட்டத்தைத் தாண்டி, இருக்கையில் நின்று, காலை நீட்டி வழுக்கி இறங்க வேண்டும். இருக்கைத் துணியில் வரிசை வரிசையாக உலோக வளையம் பதித்த ஓட்டைகள். முதுகுக்குக் காற்று போகத்தான் அவை. கதவைச் சாத்தினதும் கண்ணாடி நெற்றிக்கு நேரே வந்துவிட்டது. ஏப்ரல் மாதம், வெளியே பன்னிரண்டு டிகிரி. எஞ்சின் ஓடிய ஐந்தாவது நிமிடம் எனக்கு வியர்த்தது. முன்னால் ரேடியேட்டர், முதுகுக்குப் பின்னால் எஞ்சின், இரண்டுக்கும் நடுவே கொதிநீர் போகும் குழாய், அதற்குப் பக்கத்தில் நாம். இதே காரைக் கத்திரி வெயிலில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் மூடிய கதவோடு பதினைந்து சுற்று ஓட்டுவதை யோசித்துப் பாருங்கள். இன்னொன்றும் உண்டு. அசலைப் போலவே அந்தக் காரிலும் கியர் லிவர் வலது கைப்பக்கம். காலமெல்லாம் இடது கையால் கியர் போட்டவருக்கு அது பழக நாளாகும்.

917-லும் கூரை உண்டு, அதே புழுக்கம்தான். கூடவே, ஓட்டுபவரின் பாதம் முன் அச்சைத் தாண்டி நிற்கும். முன்னால் இடித்தால் முதலில் வாங்குவது கால். அறுபதை நெருங்கும் நண்பருக்கு இதை நான் மனதாரச் சொல்ல மாட்டேன்.

லோட்டஸில் தலைக்கு மேல் வானம்தான். ஓடும்போது காற்று அடிக்கும், நின்றால் வெயில் அடிக்கும். அசல் 23-ல் சட்டத்தின் குழாய்களுக்குள்ளேயே தண்ணீரையும் ஆயிலையும் விட்டிருந்தார்கள். எடை மிச்சம், ஆனால் சட்டமே அடுப்பாகும். பாடியில் நிற்கும் காரில் தனியாக அலுமினியக் குழாய் போட்டு, துணி நாடாவால் சுற்றியிருக்கிறார் கட்டியவர். அசலிலிருந்து விலகிய அந்த ஒரு முடிவுக்காகவே அவர் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும் போல இருந்தது.

உதிரி பாகங்களைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. எஸ்டீம் எஞ்சினுக்கு பிஸ்டன் ரிங் வேண்டுமென்றால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கேட்டால் போதும், புதுப்பேட்டையில் முழு எஞ்சினையே தேடிப் பிடிக்கலாம். நம் ஊர் ஃபார்முலா எல்ஜிபி 1300 பந்தயக் கார்களில் ஓடுவதும் இந்த எஞ்சின்தான் என்பதால் அதன் நாடி பிடிக்கத் தெரிந்த பந்தய மெக்கானிக்குகள் கோவையிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். ஜிடி40-ன் வி8-க்கு எல்லாமே கிடைக்கும், கப்பலில் வரும். 917-க்குள் இருக்கும் 911 எஞ்சினைப் பிரித்துச் சேர்க்கும் கை இங்கே மிகக் குறைவு.

பேப்பர் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். ஓட்டிய காரை இங்கே இறக்குமதி செய்ய, அது தயாரித்து மூன்று ஆண்டைத் தாண்டியிருக்கக் கூடாது. வலது பக்க ஸ்டியரிங் இருக்க வேண்டும். மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் வர வேண்டும். 2012-ல் கட்டிய ஜிடி40 முதல் நிபந்தனையிலேயே அடிபடுகிறது, 917-ம் அப்படியே. 1968-ன் உருவம் என்பதால் விண்டேஜ் சலுகை கேட்கலாமே என்றார் நண்பர். ஐம்பது வயது காருக்குத்தான் இருக்க வேண்டும், உருவத்துக்கு வயது கணக்கில்லை. புதிதாகக் கட்டச் சொல்லி வரவழைத்தால் நல்ல ஜிடி40 ஒரு லட்சம் டாலரைத் தாண்டும், அதன் மேல் இறக்குமதி வரி வேறு. அப்படியே வந்தாலும் ஆர்.சி. புக் கிடைக்கும் என்று யாராவது வாக்குக் கொடுத்தால் நம்பிவிட வேண்டாம். கம்பெனி கட்டிய அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. பாடியில் நிற்கும் காருக்கும் இதே கதைதான். எண் பலகை கிடையாது, ஃப்ளாட்பெட்டில் ஏற்றித்தான் ட்ராக்குக்குக் கொண்டுபோக வேண்டும். ஈ.சி.ஆரில் ஒரு ரவுண்டு போகலாம் என்ற ஆசை இருந்தால் இப்போதே விட்டுவிட வேண்டும்.

சரி, போன சனிக்கிழமை அந்த லோட்டஸை நேரில் பார்த்தோம். தார்ப்பாயை இழுத்ததும் முதலில் சக்கர நட்டுகளை எண்ணினேன். 1962-ல் லெ மான்ஸ் பரிசோதகர்கள் லோட்டஸ் 23-ஐத் திருப்பி அனுப்பியதே நட்டு விவகாரத்தில்தான். முன்னால் நான்கு, பின்னால் ஆறு, ஒரே ஸ்டெப்னி இரண்டுக்கும் சேராது என்றார்கள். பின்னாலும் நான்காக மாற்றிக்கொண்டு வந்ததும், ஆறு தேவைப்பட்ட இடத்தில் நான்கு பத்தாது என்றார்கள். லோட்டஸின் முதலாளி காலின் சாப்மன் இனி இந்தப் பக்கமே வர மாட்டேன் என்று கிளம்பினார். பாடியில் நிற்கும் இந்தக் காரில் நாலும் நாலும்தான்.

அப்புறம் விரல் மடக்கி உடம்பைத் தட்டிக்கொண்டே வந்தேன். முன் மூக்கில் டொக் டொக் என்று கெட்டியான சத்தம். இடது முன் சக்கர வளைவில் மட்டும் சத்தம் பொத்தலாக மாறியது. குனிந்து பார்த்தால் ஃபைபரின் மேல்பூச்சான ஜெல்கோட்டில் சிலந்தி வலை மாதிரி விரிசல். உள்பக்கம் டார்ச் அடித்தால் வெளியே வெளிச்சம் தெரிகிறது, ஃபைபர் அந்த அளவுக்கு மெல்லிசு. எங்கேயோ இடித்துப் பழுது பார்த்திருக்கிறார்கள். டேப் பிடித்து மூலைக்கு மூலை அளந்தேன், வித்தியாசம் நாலு மில்லிமீட்டர். கையால் கட்டிய சட்டத்துக்கு அது பரவாயில்லை. வலது பின்பக்க மேல் பிராக்கெட்டில் வெல்டிங்கை வழவழப்பாகத் தேய்த்துப் பெயின்ட் அடித்திருப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. நல்ல வெல்டிங்கை யாரும் தேய்த்து மறைப்பதில்லை.

எஸ்டீமின் எஞ்சினும் கியர்பாக்ஸும் அப்படியே பின்னால் குறுக்காக உட்கார்ந்திருக்கின்றன. அசலில் நீளவாக்கில் இருக்கும். தூய்மை பார்ப்பவர்கள் முகம் சுளிக்கலாம், எனக்கு அது பெரிதில்லை. பெட்ரோல் டேங்க்தான் பெரிய விஷயம். அதுவும் கையால் செய்த ஃபைபர். இப்போது பங்குகளில் வருவது இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். அது ஃபைபரைப் பிடித்துவைக்கும் பழைய வகை ரெசினை மெல்ல இளக்கும், ரப்பர் ஹோஸில் வெடிப்பு விழ வைக்கும். போதாததற்கு நம் கடற்கரைக் காற்றின் ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். அலுமினியத்தில் புது டேங்க் அடிப்பது நண்பருக்கு அரை நாள் வேலை, ஹோஸ் எல்லாவற்றையும் மாற்ற இன்னொரு நாள். கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் ரோல் பாரும் உயரம் பத்தாது. அவர் ஹெல்மெட் போட்டு உட்கார்ந்தால் தலை மேலே தெரிகிறது. அதைப் புதிதாகவே கட்ட வேண்டும்.

இவ்வளவு குறை சொன்ன பிறகும் நான் கை காட்டுவது இந்தக் காரைத்தான். அந்த ஜிடி40-ஐ என் வாழ்நாளில் மறக்க மாட்டேன், ஆனால் அது இங்கே வந்தால் ஏசி போட்ட கொட்டகையில்தான் நிற்கும். 917 உருவத்தை நேசிப்பவர்கள் வாங்கட்டும். இந்த லோட்டஸ் இருங்காட்டுக்கோட்டையில் நாலாவது சுற்றில் சூடானால், எட்டாவது சுற்றுக்குள் நம்மாலேயே சரிசெய்து மறுபடி இறக்க முடியும். 12 லட்சம் அதிகம். டேங்க், ரோல் பார், ஃபைபர் வேலை எல்லாம் கணக்குப் போட்டு ஒன்பதில் ஆரம்பித்து, பத்தில் முடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

வரும் சனிக்கிழமை நண்பரின் பட்டறை வெல்டரைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் பாடிக்குப் போகிறோம். அந்தப் பின் பிராக்கெட்டின் பெயின்டைச் சுரண்டி, சிவப்புச் சாயம் அடித்து விரிசல் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அட்வான்ஸ்.