எங்கள் மாலை வகுப்புகளை மதிப்பிட வந்த ஆய்வு நிறுவனம்: ஒரு சேவை மதிப்புரை

கோலாலம்பூரின் செந்தூலிலும் ஜாலான் ஈப்போ சுற்றுவட்டாரத்திலும் அடுக்குமாடி வீடுகளில் வாழும் பிள்ளைகளுக்காக எங்கள் சங்கம் மாலை வகுப்புகளை நடத்தி வருகிறது. அவை உண்மையில் பயன் தருகின்றனவா என்பதை வெளியார் ஒருவர் ஆராய்ந்து சொல்ல வேண்டும் என்று எங்களுக்கு நிதி வழங்கும் நன்கொடை நிறுவனம் நிபந்தனை விதித்ததால், கோலாலம்பூரில் இயங்கும் சிறிய ஆய்வு, மதிப்பீட்டு ஆலோசனை நிறுவனம் ஒன்றைச் சென்ற ஆண்டு பணிக்கு எடுத்தோம். அதன் பெயரை இங்கே எழுதாமல் விடுவதற்குக் காரணம் உண்டு. தன்னுடைய வாடிக்கையாளர் பட்டியலை அந்நிறுவனம் வெளிப்படையாக வைத்திருக்கிறது. பெயரைச் சொன்னால் எங்கள் சங்கம் எது என்பதும், அதன் வழியே பேட்டி கொடுத்த குடும்பங்கள் எந்தக் கட்டடத்தில் இருக்கின்றன என்பதும் எளிதாகத் தெரிந்துவிடும். அவர்களுடைய அறிமுக ஏட்டில் இரண்டு பக்கம் நிறைய எழுதியிருந்த அறக்கொள்கைகள் வேலையில் எங்கே தெரிந்தன, எங்கே தெரியவில்லை என்பதே இந்த மதிப்புரை.

அறிமுக ஏட்டை வைத்து எந்த ஆய்வு நிறுவனத்தையும் எடைபோட முடியாது. அமெரிக்க மதிப்பீட்டாளர் சங்கம் 1994இல் வெளியிட்டு 2018இல் திருத்திய ஐந்து வழிகாட்டு நெறிகளும், ஐக்கிய நாடுகள் மதிப்பீட்டுக் குழு 2020இல் புதுப்பித்த அறநெறி வழிகாட்டியும் யாரும் எடுத்துப் போட்டுக்கொள்ளக்கூடியவை; நாங்கள் விலைப்புள்ளி கேட்ட நிறுவனங்கள் எல்லாமே நேர்மை, பொறுப்பு, மரியாதை என்று ஏறக்குறைய ஒரே சொற்களைத்தான் எழுதி அனுப்பின. இந்த நிறுவனம் வேறுபட்டது ஒப்பந்தத்தில். அறிக்கையின் வரைவில் தகவல் பிழை இருந்தால் நாங்கள் சுட்டிக்காட்டலாம். ஆனால் முடிவுகளை மாற்றச் சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. உடன்படாவிட்டால் எங்கள் மறுப்பை எங்கள் சொற்களிலேயே பின்னிணைப்பாகச் சேர்ப்பார்கள் என்று ஒரு விதி இருந்தது. கடைசித் தவணைப் பணம் அறிக்கையை ஒப்படைத்தவுடன் தரப்பட வேண்டுமே தவிர, எங்களுக்கு அது திருப்தியளித்த பிறகு அல்ல என்பது இன்னொரு விதி. எங்கள் பொருளாளருக்கு இது முதலில் பிடிக்கவில்லை. ஆனால் முடிவு சாதகமாக இருந்தால்தான் முழுக்கூலி கிடைக்கும் என்ற நிலையில் இருப்பவர் எழுதும் அறிக்கைக்கு என்ன மதிப்பு இருக்க முடியும்? நிறுவனப் பங்குதாரர்களில் ஒருவர் முன்பு எங்கள் நன்கொடை நிறுவனத்தில் பணியாற்றியவர் என்பதையும் நாங்கள் கேட்பதற்கு முன்பே எழுத்தில் தெரிவித்து, அவரை இந்தப் பணியிலிருந்து விலக்கி வைத்தார்கள்.

திறமையும் அறத்தின் ஒரு பகுதிதான் என்பதை நான் உணர்ந்தது அவர்கள் எங்கள் பழைய மதிப்பீட்டு அறிக்கையைப் படித்த விதத்தில். சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு நிறுவனம் தயாரித்துக் கொடுத்த அந்த அறிக்கையில், வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளின் மதிப்பெண் ஓராண்டில் கணிசமாக உயர்ந்திருப்பதாக வண்ண வரைபடம் ஒன்று இருந்தது. நன்கொடையாளர் கூட்டங்களில் எல்லோரும் பாராட்டிய படம் அது. புதிய நிறுவனத்தின் புள்ளியியலாளர் அதைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, பிள்ளைகள் எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள் என்பது. ஒரு சோதனையில் மிகக் குறைந்த மதிப்பெண் வாங்கியவர்களையே வகுப்பில் சேர்த்திருந்தார்கள். அப்படிப்பட்டவர்களில் சிலர் உண்மையிலேயே பின்தங்கியவர்களாக இருப்பார்கள்; சிலர் அன்றைக்குக் காய்ச்சலோடு வந்தவர்களாகவோ, வினாத்தாளைத் தவறாகப் புரிந்துகொண்டவர்களாகவோ இருப்பார்கள். இரண்டாம் வகையினர் எந்த வகுப்புக்கும் போகாமலேயே அடுத்த சோதனையில் மேலே வந்துவிடுவார்கள். ஆங்கிலேய அறிவியலாளர் பிரான்சிஸ் கால்டன் 1886இல் பெற்றோர், பிள்ளைகளின் உயரத்தை வைத்து விளக்கிய, சராசரியை நோக்கித் திரும்பும் போக்கு இதுதான். பழைய வரைபடத்தில் ஏறியிருந்த ஏற்றத்தில் எவ்வளவு வகுப்பின் பயன், எவ்வளவு இந்தத் தானான ஏற்றம் என்பதைப் பிரித்துச் சொல்ல வழியே இல்லை. அந்த முதல் நிறுவனம் இதை அறிந்து மறைத்ததா, அறியாமல் விட்டதா என்பது எனக்குத் தெரியாது, விளைவு ஒன்றுதான்.

மலேசியாவில் இந்தச் சிக்கல் இப்போது கூடியிருக்கிறது. தொடக்கப்பள்ளி முடிவில் எழுதும் யுபிஎஸ்ஆர் தேர்வு 2021இலும், இடைநிலைப்பள்ளியின் மூன்றாம் ஆண்டில் எழுதும் பிடி3 தேர்வு 2022இலும் நிறுத்தப்பட்ட பிறகு, தமிழ்ப்பள்ளியில் தொடங்கும் ஒரு பிள்ளைக்கு ஐந்தாம் ஆண்டில் எழுதும் எஸ்பிஎம் வரை நாடு தழுவிய பொதுத்தேர்வு மதிப்பெண் என்று எதுவும் இல்லாமல் போனது. பள்ளிக்குப் பள்ளி வேறுபடும் மதிப்பீடுகளை வைத்துக்கொண்டு, தமக்கு வசதியான அளவுகோலை யார் வேண்டுமானாலும் உருவாக்கிக்கொள்ளலாம். இந்த நிறுவனம் எதை அளப்பது, எப்படி அளப்பது, எந்த முடிவு வந்தால் வகுப்பு பயன் தரவில்லை என்று சொல்வது என்பதையெல்லாம் தரவு சேகரிக்கும் முன்பே எழுதி, தேதியிட்டு, எங்களிடமும் நன்கொடை நிறுவனத்திடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டது. பிறகு யாரும் அளவுகோலை மாற்ற முடியவில்லை.

ஒப்பீட்டுக் குழு விஷயத்தில் அவர்கள் எடுத்த நிலைப்பாடு எனக்கு மிகுந்த மரியாதையை ஏற்படுத்தியது. விண்ணப்பிக்கும் பிள்ளைகளில் பாதிப்பேரைச் சீட்டுக் குலுக்கி விலக்கிவைத்து, சேர்ந்தவர்களோடு ஒப்பிட வேண்டும் என்று நன்கொடை நிறுவனத்தின் அதிகாரி ஒருவர் யோசனை சொன்னார். இடம் உண்மையிலேயே போதாதபோது குலுக்கல் நியாயமான வழிதான், ஆனால் இடம் இருக்கும்போது நாற்காலியைக் காலியாக விட்டுவிட்டு ஒரு பிள்ளையை ஒப்பீட்டுக்காக வெளியே நிறுத்த மாட்டோம் என்று நிறுவனம் மறுத்துவிட்டது. அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, சிஃபிலிஸ் கண்ட கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை தராமல் நோயின் போக்கை மட்டும் கவனித்துக்கொண்டிருந்த ஆய்வு அம்பலமான பிறகுதான், மனிதரை மதித்தல், நன்மை செய்தல், நீதி என்ற மூன்று கொள்கைகளை முன்வைத்து 1979இல், மனிதரை வைத்துச் செய்யும் ஆய்வுகளுக்கான அறநெறிகளைச் சொல்லும் பெல்மாண்ட் அறிக்கை வெளியானது என்று அவர்கள் நினைவூட்டினார்கள். மாலை வகுப்பு மருந்து அல்ல, அவ்வளவு பெரிய ஒப்பீடு எதற்கு என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். தமிழ்ப்பள்ளியில் தமிழ்வழி படித்துவிட்டு, இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டான முதலாம் படிவத்தில் பெரும்பாலான பாடங்களை மலாய்மொழியில் எதிர்கொள்ளும் பிள்ளைக்கு அந்த ஓராண்டு எவ்வளவு பெரியது என்பதை இந்தப் பகுதியில் வேலை செய்தவர்கள் அறிவார்கள். கடைசியில், இடப்பற்றாக்குறையால் ஏற்கெனவே காத்திருப்புப் பட்டியலில் இருந்த பிள்ளைகளோடு ஒப்பிட்டார்கள். அந்தப் பட்டியல் பதிவுத் தேதி வரிசைப்படிதான் இருக்கிறதா, யாரேனும் சிபாரிசில் முன்னேறியிருக்கிறார்களா என்று முதலில் சரிபார்த்தார்கள். சோதனைக்கு வந்த காத்திருப்போர் அனைவருக்கும் அடுத்த தவணையில் முதலிடம் தர வேண்டும் என்று எங்களிடம் எழுதி வாங்கினார்கள்.

களப்பணியில் நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். வீட்டை அடையாளம் காட்டுவதற்காகப் பேட்டியாளரை ஒரு தாயாரின் வீட்டு வாசல்வரை அழைத்துப் போயிருந்தேன். ஒப்புதல் படிவத்தைப் பேட்டியாளர் தமிழில் வாசித்து விளக்கியதும், அந்த அம்மா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு அவரிடம், "இதுல கையெழுத்து போடலைனா பிள்ளைக்கு கிளாஸ் இல்லைனு சொல்லிருவாங்களா, தங்கச்சி?" என்று கேட்டார். "இல்லக்கா. யாரு போட்டாங்க, யாரு போடலைனு சங்கத்துக்கு நாங்க சொல்லவே மாட்டோம்" என்று பதில் சொன்ன பேட்டியாளர், அந்த அம்மா மறுமொழி சொல்வதற்கு முன் என் பக்கம் திரும்பி, "நீங்க கீழ போயிருங்கண்ணே" என்றார். நான் மின்தூக்கியில் இறங்கிவிட்டேன். அவர் கையெழுத்திட்டாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. தேவைக்கு அதிகமான வீடுகளுக்குப் போனதும், பேசியவர் பேசாதவர் என்ற வேறுபாடின்றி எல்லா வீட்டுக்கும் ஒரே மதிப்புள்ள மளிகைப் பற்றுச்சீட்டைக் கொடுத்ததும், யார் ஒப்புக்கொண்டார் என்பதை நாங்கள் ஊகிக்க முடியாமல் இருப்பதற்காகத்தான். நம் மக்களிடம் உதவி செய்கிறவருக்கு இல்லை என்று சொல்லும் வழக்கம் குறைவு. உதவி வாங்கும் வீட்டில் போய் ஒப்புதல் கேட்கிறவர் அந்தப் பலவீனத்தைப் பயன்படுத்திக்கொள்வது மிக எளிது, பெரும்பாலும் அது யார் கண்ணிலும் படாது.

பிள்ளைகளைப் பேட்டி காணும்போது பெற்றோரின் கையெழுத்து மட்டும் போதாது, பிள்ளையும் வாய்திறந்து சரி என்று சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தார்கள். எல்லாவற்றையும் ரகசியமாக வைப்போம் என்று பிள்ளைகளிடம் வாக்குக் கொடுக்கவில்லை. யாராவது உன்னைத் துன்புறுத்துவதாகச் சொன்னால் அதை மட்டும் உரியவர்களிடம் சொல்லியாக வேண்டும் என்று தொடக்கத்திலேயே சொன்னார்கள். அப்படி நேர்ந்தால் யாரை அழைப்பது, 15999 உதவி எண்ணுக்கு யார் தொடர்புகொள்வது என்பது முன்கூட்டியே முடிவாகியிருந்தது. அடையாள அட்டை எண் கேட்கவில்லை. எங்கள் பழைய படிவத்தில் இருந்த சமயம், நோய் விவரம் ஆகிய கட்டங்களையும் நீக்கச் சொன்னார்கள். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இவை இரண்டையும் கூடுதல் பாதுகாப்பு தேவைப்படும் நுட்பமான தரவு வகையில் வைத்து, வெளிப்படையான ஒப்புதல் கேட்கிறது. அந்தச் சட்டம் வணிக நடவடிக்கைகளையே குறிவைப்பதால் எங்களைப் போன்ற தொண்டு அமைப்புகளை எந்த அளவு கட்டுப்படுத்தும் என்ற வாதத்துக்குள்ளேயே அவர்கள் போகவில்லை. ஆய்வுக்குத் தேவையில்லாத தகவலை எதற்காகக் கையில் வைத்திருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டார்கள்.

அறிக்கையின் முதல் வரைவில், மருத்துவமனையில் இரவுநேரத் துப்புரவுப் பணி செய்யும், மூத்த மகன் பள்ளியைவிட்டு நின்றுவிட்ட, கணவர் உடனில்லாத தாய் ஒருவரின் கூற்று இடம்பெற்றிருந்தது. பெயர் இல்லை. ஆனால் அந்தக் கட்டடத்தில் இருக்கும் எவருக்கும் அது யார் என்று உடனே தெரிந்துவிடும். இறுதி அறிக்கையில் பணியும் குடும்ப விவரமும் நீக்கப்பட்டு, இரவில் வேலைக்குப் போகும் ஒரு பெற்றோர் என்ற அளவில் கூற்று மட்டும் நின்றது. நாங்கள் சொல்லாமலேயே, அவர்களுடைய உள் பரிசீலனையில் இது பிடிபட்டிருந்தது.

முடிவுகள் எங்களுக்கு முழுவதும் இனிமையானவை அல்ல. மலாய்மொழி வாசிப்பில் வகுப்புப் பிள்ளைகள் தெளிவாக முன்னேறியிருந்தார்கள்; கணிதத்தில் காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களுக்கும் அவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை; இரண்டாம் படிவ ஆண்பிள்ளைகள் வகுப்பைவிட்டுக் கழன்றுகொள்வது கவலைக்குரிய அளவில் இருந்தது. கணிதம் பற்றிய பத்தியைக் கொஞ்சம் மென்மையாக்கலாமே என்று எங்கள் செயலவையில் சிலர் கேட்டபோது, ஒப்பந்த விதியைச் சுட்டிக்காட்டி, பின்னிணைப்பில் எழுத இடம் தருவதாகப் பதில் வந்தது. கணிதப் பாடத்திட்டத்தை இப்போது மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறோம். அந்தப் பத்தி மென்மையாகியிருந்தால் அந்த வேலை தொடங்கியிருக்காது.

குறைகளும் உண்டு, அவற்றில் ஒன்று பெரியது. தமிழில் பதிவான பேட்டிகளை எழுத்தாக்கும் வேலையை வெளியாள் ஒருவரிடம் ஒப்படைத்திருந்தார்கள். அவரிடம் ரகசியகாப்பு உறுதிமொழி வாங்கியிருந்தது உண்மை. பதிவுகளை இணையத்தில் உள்ள தானியங்கிச் சேவை எதிலும் ஏற்றக் கூடாது என்று தடைவிதித்திருந்ததும் உண்மை. ஆனால் இப்படி ஒருவர் இருக்கிறார் என்பதே நான் துருவிக் கேட்ட பிறகுதான் தெரிந்தது. ஒப்புதல் படிவத்தில் பேட்டிப் பதிவை ஆய்வுக்குழுவினர் மட்டுமே கேட்பார்கள் என்று எழுதியிருந்தது. ஒரு தாய் அதை நம்பித்தான் பேசியிருப்பார். இவ்வளவு கவனமுள்ள நிறுவனத்திடம் இதை நான் எதிர்பார்க்கவில்லை, சொன்னபோது அவர்கள் அடுத்த பணியிலிருந்து படிவத்தைத் திருத்துவதாகச் சொன்னார்களே தவிர, பேசியவர்களுக்குத் தகவல் தெரிவிக்கவில்லை. ஒலிப்பதிவுகளை அழித்துவிட்டதற்கான கடிதமும் குறித்த தேதியில் வரவில்லை. நினைவூட்டிய பிறகே வந்தது.

நன்கொடை நிறுவனத்துக்குப் போன முழு அறிக்கை ஆங்கிலத்தில் விரிவாக இருக்க, பெற்றோருக்கான தமிழ்ச் சுருக்கம் மூன்று பக்கத்தோடு முடிந்துவிட்டது, அதுவும் தாமதமாக. முடிவுகளைப் பெற்றோரிடம் சொல்ல ஒரு கூட்டம் நடத்தியது நல்ல வழக்கம்தான், ஆனால் வாரநாள் மாலையில் வைத்ததால் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள் வர முடியவில்லை. வந்தவர்கள் ஆண்பிள்ளைகள் நின்றுவிடுவது பற்றிச் சொன்ன காரணங்கள், குறிப்பாகத் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளவும் பகுதிநேர வேலைக்குப் போகவும் அவர்கள் நிற்கிறார்கள் என்பது, அறிக்கையில் இருந்ததைவிடத் தெளிவாக இருந்தன. அந்தக் கூட்டம் அறிக்கை முடிவதற்கு முன் நடந்திருக்க வேண்டும்.

கட்டணம் எங்கள் ஆண்டுச் செலவில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. சிறிய சங்கத்துக்கு இது சுமைதான். எங்களுக்கு வந்த விலைப்புள்ளிகளில் மிகக் குறைந்ததும் இது அல்ல. ஆனாலும் மூன்றாண்டுக்குப் பிறகு செய்ய வேண்டிய அடுத்த மதிப்பீட்டுக்கும் இவர்களையே கேட்பது என்று செயலவை முடிவு செய்திருக்கிறது, மூன்று நிபந்தனைகளோடு: பதிவைக் கையாளும் ஒவ்வொருவரும் யார் என்பது ஒப்புதல் படிவத்திலேயே இருக்க வேண்டும், பெற்றோர் கூட்டம் ஞாயிற்றுக்கிழமையில், வரைவு நிலையிலேயே நடக்க வேண்டும், தமிழ் அறிக்கை ஆங்கில அறிக்கையோடு ஒரே நாளில், அதே விரிவில் வர வேண்டும். முதல் இரண்டுக்கும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். மூன்றாவதற்கு மொழிபெயர்ப்புச் செலவைத் தனியாகக் கேட்கிறார்கள். அதைத் தரும்படி நன்கொடை நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறோம்.