காப்பர் ஆக்சைடுக்குத் துணை ஜிங்க்கா, டைட்டானியமா?

ஒளி பட்டால் சாயத்தை உடைக்கும் வினையூக்கிப் பொடியைப் போட்டு, சாயக் கழிவுநீரை வெயிலில் வைத்தே சுத்தம் செய்ய முடியுமா என்பதுதான் பினாங்கில் என் மாஸ்டர்ஸ் ஆய்வு. காப்பர் ஆக்சைடை எதோடு சேர்ப்பது என்று முடிவெடுக்கவே ஒரு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. ஜிங்க் ஆக்சைடில் ஆரம்பித்து டைட்டானியம் டையாக்சைடில் வந்து நிற்கிறேன். இப்போது தொடங்குகிறவர்களுக்கு அந்தக் காலம் மிச்சமாகட்டும்.

கூட்டு ஏன் வேண்டும் என்பது தெரிந்ததுதான். ஜிங்க், டைட்டானியம் இரண்டின் ஆக்சைடுக்கும் ஆற்றல் இடைவெளி, அதாவது எலக்ட்ரானைக் கிளப்ப ஒளி தரவேண்டிய குறைந்தபட்ச ஆற்றல், சுமார் 3.2 எலக்ட்ரான் வோல்ட். புறஊதாக் கதிர்தான் அவற்றுக்கு உணவு. வெயிலில் அது ஏறக்குறைய 5 சதவீதம்தான். கருப்பு காப்பர் ஆக்சைடு கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் வாங்கிக்கொள்ளும், ஆனால் தனியாக விட்டால் கிளம்பிய எலக்ட்ரானும் அது விட்டுவந்த காலியிடமான துளையும் உடனே சேர்ந்துவிடும். துணை ஒன்று இருந்தால் பிரிந்து நின்று சாயத்தை உடைக்கும்.

ஜிங்க் கலவை செய்வது சுலபம். இரண்டு நைட்ரேட் உப்பையும் கரைத்து, சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு, வீழ்படிவைக் கழுவி உலையில் வைத்தால் முடிந்தது. முதல் ஓட்டத்தில் சோதனைச் சாயமான மெத்திலீன் ப்ளூவின் நீலம் டைட்டானியத்தைவிட வேகமாக மறைந்தது. நான் மகிழ்ந்துபோய் வரைபடத்தைக் காட்டினேன். லேப்பில் இருந்த அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நிறம் போச்சு சரி, தண்ணியில காப்பர் எவ்வளவு இருக்கு தம்பி?"

நான் அளந்தே பார்க்கவில்லை.

மலேசியாவின் 2009 தொழிற்சாலைக் கழிவுநீர் விதிகளில் காப்பருக்கு ஏ தரநிலை லிட்டருக்கு 0.20 மில்லிகிராம், பி தரநிலை 1.0. குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேல்பக்கம் விடும் நீருக்கு ஏ தான். இப்போது கணக்குப் போடுங்கள். லிட்டருக்கு 1 கிராம் வினையூக்கி, அதில் 10 சதவீதம் காப்பர் ஆக்சைடு என்றால் உள்ளே இருக்கும் காப்பர் சுமார் 80 மில்லிகிராம். அதில் 400இல் ஒரு பங்கு கரைந்தாலே எல்லையைத் தொட்டுவிடும். சாயத்தை எடுக்கப் போய்க் காப்பரை விட்டுவந்தால் யாருக்கு லாபம்?

ஜிங்க் ஆக்சைடு அமிலத்திலும் கரையும், கடுங்காரத்திலும் கரையும். சாயம் உடையும்போது சிறு கரிம அமிலங்கள் உண்டாகி நீரின் பிஎச் இறங்கும். கூடவே ஒளியே அதை அரிக்கும். அடித்தளம் கரைந்தால் மேலே ஒட்டிய காப்பருக்குப் பிடிமானம் ஏது? அதே பொடியைத் திரும்பத் திரும்ப ஓட்டியதில் நான்காவது சுற்றுக்குள் என் பொடியும் குறைந்தது, வேகமும் குறைந்தது. வடிநீரில் காப்பர் ஏ தரநிலையைத் தாண்டியிருந்தது.

டைட்டானியம் அந்த நிலையில் கரையாது. பி25 என்று கடையில் விற்கும் டைட்டானியம் டையாக்சைடு பொடியைக் காப்பர் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து, உலர்த்தி, சுட்டு எடுக்கிறேன். வெளிர் சாம்பல் நிறத்தில் வரும். காப்பர் ஆக்சைடு 2 சதவீதம் போதும். கூட்டினால் அதுவே மேற்பரப்பை மூடி ஒளியை மறைத்துவிடும். குறைவாகப் போட்டதால் உள்ளே இருப்பதே 16 மில்லிகிராம்தான், கசிவுக்கும் இடம் குறைவு. வேகத்தில் ஜிங்க் முந்துகிறது, மறுக்கவில்லை. ஆனால் நிறமற்ற ஃபீனாலை வைத்துப் பார்த்தபோது அந்த இடைவெளி நன்றாகச் சுருங்கியது. மெத்திலீன் ப்ளூ தானே ஒளியை வாங்கும் சாயம் என்பதால் அதை மட்டும் நம்பாதீர்கள். சாயம் பொடியில் வெறுமனே ஒட்டினாலும் நிறம் குறையும் என்பதால், முதலில் அரை மணி நேரம் இருட்டில் கலக்குவதையும் விடாதீர்கள்.

காப்பரின் இன்னொரு ஆக்சைடான செங்கல் நிறக் குப்ரஸ் ஆக்சைடை, கார்பன் நைட்ரைடு என்ற வேறொரு ஒளி வினையூக்கியோடு சேர்ப்பது மூன்றாவது வழி. இரண்டே முறைதான் செய்தேன், தீர்ப்புச் சொல்லும் அளவுக்குக் கைப்பழக்கம் இல்லை. குப்ரஸ் பொடியை மட்டும் தனியாக டிராயரில் வைத்திருந்தேன். சில வாரத்தில் ஓரமெல்லாம் பழுப்பேறிவிட்டது. நம் ஊர் ஈரப்பதத்துக்கு உலர்கலம் இல்லாமல் அதைத் தொடவே கூடாது.

அசல் பாத்தேக் (மெழுகு வைத்துச் சாயமிடும் துணி) பட்டறைக் கழிவுநீரில் என் டைட்டானியம் கலவையை மூன்று முறைதான் ஓட்டியிருக்கிறேன். சாயம் பிடிக்கச் சோடியம் சிலிக்கேட் பூசுவதால் அந்த நீர் கடும் காரம். பிஎச்சை 7க்கு இறக்கிய பிறகுதான் ஓட்டினேன். இறக்காமல் ஓட்டுவதுதான் அடுத்த வேலை.