கொடைக்கானல் அரை நாள் நடை: கேட்டால்தான் கதை வரும்

போன மாதம் கொடைக்கானல் போயிருந்தபோது, தங்கியிருந்த வீட்டுக்காரர் சொல்லி ஒரு அரை நாள் சரித்திர நடையில் சேர்ந்தோம். தலைக்கு 600 ரூபாய், டீ உட்பட. காலை ஏழு மணிக்கு மூஞ்சிக்கல்லுக்கு வரச் சொல்லிவிட்டு வழிகாட்டித் தம்பி வந்து சேர்ந்தபோது ஏழே முக்கால், அதுவரை குளிரில் நின்ற மாமியார் என்னை முறைத்த முறைப்பு இன்னும் மறக்கவில்லை.

ஏரியும் கோக்கர்ஸ் வாக்கும் எல்லாரும் சொல்கிற கதைதான். சலேத் மாதா கோவிலில்தான் தம்பிக்குச் சூடு பிடித்தது. 1860களில் பிரெஞ்சு சேசு சபைக் குருக்கள் கட்டியது. சலேத் என்பது யாரோ ஒரு புனிதர் பெயர் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன், பார்த்தால் அது ஊர்ப் பெயர்! பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில், கிரெனோபிள் மறைமாவட்டத்தில் லா சலேத் என்று ஒரு சின்னக் கிராமம். மாதா காட்சி கொடுத்ததாகச் சொல்லும் இடம் சுமார் 1800 மீட்டர் உயரம், நம் கொடைக்கானல் அதைவிட 300 மீட்டர் கூட. 1846 செப்டம்பர் 19 அன்று அங்கே மாடு மேய்த்த மெலனி, மாக்சிமன் என்ற இரண்டு பிள்ளைகள், அவளுக்கு 14 வயது, அவனுக்கு 11, முகத்தைக் கைகளில் புதைத்து அழுதுகொண்டிருந்த ஓர் அம்மாவைப் பார்த்ததாகச் சொன்னார்கள். விசாரணையெல்லாம் முடிந்து 1851இல்தான் ஆயர் (பிஷப்) அதை ஏற்றார்.

அந்த ஊர்ச் சிலையின் படத்தைத் தம்பி போனில் காட்டினார். மார்பில் தொங்கும் சிலுவையில் ஒரு பக்கம் சுத்தியல், மறுபக்கம் குறடு. "ஏம்பா தம்பி, மாதா எதுக்கு ஆசாரி சாமானோட நிக்குது?" என்றார் மாமியார். "அது ஆணி அடிக்கிறதுக்கு, இது ஆணியைப் பிடுங்குறதுக்கு, அம்மா" என்றார் தம்பி. மாமியாரின் கோபம் அங்கேதான் இறங்கியது.

நான் துருவித் துருவிக் கேட்டு வாங்கியது உருளைக்கிழங்குக் கதை. காட்சியில் வந்த அந்த அம்மா முதலில் பிரெஞ்சில் பேசினாராம். கிழங்கு அழுகிப்போகும் என்று சொன்னது மெலனிக்குப் புரியவில்லை, ஏனென்றால் பிரெஞ்சில் உருளைக்கிழங்கு 'பொம் தெ தேர்', வெறும் 'பொம்' என்றால் ஆப்பிள், அந்த மலைச் சனங்கள் கிழங்கைச் சொல்லும் பேரே வேறு. உடனே ஊர்ப்பேச்சுக்கு மாறிவிட்டாராம். அந்த வருஷங்களில் ஐரோப்பாவில் உருளைக்கிழங்குச் செடி கருகி, தோண்டுகிற கிழங்கெல்லாம் அழுகலாக வந்தது, அயர்லாந்தில் பஞ்சமே வந்தது. கிழங்கும் பூண்டும் விளைகிற மலையில் நின்றுகொண்டு தம்பி இதைச் சொல்லாமல் தாண்டப் பார்த்தாரே, அதுதான் எனக்கு ஆற்றாமை.

தாமதத்தால் செண்பகனூர் அருங்காட்சியகம் விட்டுப்போனது. டீக்காசையும் நாங்களே கொடுத்தோம். ஆனாலும் 5க்கு 3.5 போடுவேன். ஆகஸ்ட் 14, 15 திருவிழாக் கூட்டத்தில் போக வேண்டாம். ஏழு மணி என்றால் ஏழரைக்குப் போனால் போதும், ஸ்வெட்டரை மறக்காதீர்கள், கோவிலுக்கு வந்ததும் உருளைக்கிழங்கைப் பற்றிக் கேளுங்கள். தானாகச் சொல்ல மாட்டார்.