டிரவுட்டா, ஹார்ப்பரா?

2012 ஏப்ரல் 28. லாஸ் ஏஞ்சலஸில் வாஷிங்டன் நேஷனல்ஸ் என்ற அமெரிக்க பேஸ்பால் அணிக்காக பிரைஸ் ஹார்ப்பர் அறிமுகமானார். அதே நாளில்தான் ஏஞ்சல்ஸ் அணி மைக் டிரவுட்டை மைனர் லீக்கிலிருந்து (கீழ்மட்டப் போட்டிகள்) திரும்ப அழைத்தது. இருவருமே அவுட்ஃபீல்டர்கள் (மைதானத்தின் வெளிப்பகுதியில் நிற்பவர்கள்), இருபதைத் தாண்டாத பையன்கள்.

ஹார்ப்பர் வந்தது தாரை தப்பட்டையோடு. 16 வயதிலேயே பத்திரிகை அட்டையில் படம், 2010 டிராஃப்டில் (அணிகள் முறைவைத்து இளம் வீரர்களை எடுக்கும் நிகழ்வு) முதல் தேர்வு. கேட்சராக (அடிப்பவருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்) இருந்தவரை அவுட்ஃபீல்டுக்கு மாற்றியதும் அப்போதுதான். டிரவுட் நியூ ஜெர்சியின் மில்வில் ஊர்க்காரர். 2009 டிராஃப்டில் 24 பேர் போன பிறகே அவர் பெயர் வந்தது. 2011இல் 40 ஆட்டங்கள் ஆடி, சராசரி (அடிக்க வந்த முறைகளில் ஹிட் ஆன விகிதம்) வெறும் .220.

அப்புறம் கதை மாறியது. 2012இல் டிரவுட் .326 சராசரி, 30 ஹோம் ரன், 49 பேஸ் திருட்டு (எதிரணி அசந்த நேரத்தில் அடுத்த பேஸுக்கு ஓடிப்போவது). ஹார்ப்பருக்கு .270, 22, 18. இருவரும் தத்தம் லீக்கில் சிறந்த புதுமுகம் ஆனார்கள்.

எண்களில் டிரவுட்தான், பேச்சுக்கே இடமில்லை. ஆனால் வேடிக்கை பார்க்க ஹார்ப்பர். அந்த மே மாதம் ஃபிலடெல்ஃபியாவின் பந்துவீச்சாளர் கோல் ஹேமல்ஸ் வேண்டுமென்றே அவர் முதுகில் பந்தை எறிந்தார். (பிறகு ஹேமல்ஸே ஒப்புக்கொண்டு தடையும் வாங்கினார்.) ஹார்ப்பர் வாய் திறக்கவில்லை. மூன்றாவது பேஸ் வரை போய், ஹேமல்ஸ் முதல் பேஸுக்குப் பந்தை வீசிய நொடியில் ஓடி, ரன் தரும் கடைசி பேஸான ஹோமையே திருடிவிட்டார்!

மதிப்புமிக்க வீரர் விருது முதன்முதலில் டிரவுட்டுக்கு 2014இல், ஹார்ப்பருக்கு 2015இல். அணி கட்டச் சொன்னால் நான் டிரவுட்டை எடுப்பேன். டிக்கெட் வாங்குவதென்றால் ஹார்ப்பர் ஆடும் ஆட்டத்துக்குத்தான்.